காய்ச்சல்காரனின் எடை

மணல் சாக்கை முன் இருக்கையில் உட்கார வைத்தான்.

இரண்டு பேர் போகிற கயாக். பின்னால் ஒருவன் மட்டும் உட்கார்ந்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு காற்று போன பக்கம் போகும். முன்னால் ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஆளின் எடை வேண்டும்.

கூட்டாளி ததேயுவின் எடைக்கு மணல் அள்ளியிருந்தான். கொஞ்சம் குறைத்தே கட்டினான். காய்ச்சலில் இளைத்திருப்பான் அல்லவா.

சாயங்காலம் போனில் அவன் குரல் பாயில் படுத்தபடி பேசியது.

"காய்ச்சலு மக்கா. தலைய நிமுத்த முடியல. நீயும் போவாத கேட்டியா, கடலு சரியில்ல."

மனம் நெகிழ்ந்துவிட்டது இவனுக்கு. பெண்டாட்டியிடம் சொல்லி, அவன் வீட்டுக்குக் கஞ்சியும் சுட்ட கருவாடும் கொடுத்தனுப்பினான்.

ஆனாலும் வந்தான். கூடுகளை நேற்று இருவருமாகக் கடலில் இறக்கியிருந்தார்கள். சிங்கி இறாலை இன்னொரு நாள் கூட்டுக்குள் விட்டால் ஒன்றின் மீசையை ஒன்று ஒடித்து வைக்கும். மீசை போன சிங்கியை எந்த வியாபாரியும் முகம் கொடுத்துப் பார்க்க மாட்டான்.

காலடியில் இரண்டு ஈரச் சாக்குகள். ஒன்று தனக்கு. ஒன்று காய்ச்சல்காரனுக்கு.

துடுப்பு போட்டான்.

மணல் சாக்கு நல்ல கூட்டாளி. பாடாது. பீடி கேட்காது.

கையுறை, தலைவிளக்கு, விசில். எல்லாம் ஜோடியாக வாங்கியவை. ஜோடியாகக் கேட்டால் கடைக்காரன் இறங்கி வருவான். ததேயுவின் பங்குக்கு வந்த விளக்கில் ஒரு கோளாறு. குனிந்தால் அணையும். நிமிர்ந்தால் எரியும். மாற்றி வாங்கலாம் என்றதற்குச் சிரித்தான்.

"கெடக்கட்டும்ல. சிங்கியப் பாத்துக் கண்ணடிக்கேன்னு வச்சுக்க."

விசிலுக்கு மட்டும் ததேயு பேரம் பேசவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தான்.

"இது ஊதுனா, எங்க கெடந்தாலும் வரணும்."

கோயில் சிலுவையின் விளக்கும் ஐஸ் பிளாண்ட் விளக்கும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றால், கயாக்குக்கு அடியில் பார் இருக்கிறது. சிங்கிகள் குடியிருக்கும் கடலடிப் பாறை. இருவருக்குத்தான் இடம் தெரியும். ஒருவன் பங்கை விட்டு மற்றவன் கூடு தூக்குவதில்லை என்று கோயில் கெபியில் மாதா சிலையின் காலைத் தொட்டுச் சொல்லியிருந்தார்கள்.

கரையில் விளக்குகள் நெருங்கின. ஒன்றாயின.

துடுப்பை நிறுத்தினான்.

பாரின் மேல் ஒரு வெளிச்சம்.

குனிந்தது. அணைந்தது.

நிமிர்ந்தது. எரிந்தது.

இவன் தன் விளக்கை அணைத்தான்.

யாரிடமோ இரவல் வாங்கிய தெர்மாகோல் தெப்பம். அதன் மேல் முழங்காலிட்டு ஓர் உருவம் கூட்டைத் தூக்கியது. கையை உள்ளே விட்டது. எடுத்தது. சாக்கில் போட்டது. அடுத்த கூட்டுக்குக் குனிந்தது.

கையில் அந்தக் கையுறை. ஜோடியில் ஒன்று.

தலை நன்றாகத்தான் நிமிர்கிறது.

கஞ்சி குடித்த தெம்பு.

கத்தலாம். கடைத்தெரு என்றால் கத்தியிருப்பான். நாலு பேர் கூடுவார்கள். ஆளுக்கொரு நியாயம் சொல்வார்கள். இங்கே மணல் சாக்குதான் இருந்தது.



'நீயும் போவாத கேட்டியா.'

பாரில் அலை ஏறி உடைந்தது.

வெளிச்சம் போயிற்று.

குனிந்திருப்பான்.

நிமிரவில்லை.

வெள்ளையாக ஒன்று இருட்டில் மிதந்து வந்து கயாக்கை உரசிப் போனது. தெப்பம். மேலே யாரும் இல்லை.

பிறகு விசில்.

நீளமாக. நடுவில் தண்ணீர் புகுந்து அறுபட்டது. மறுபடியும் வந்தது.

யாருக்கு ஊதுகிறான்? இன்று கடலில் ஆள் கிடையாது என்று அவனுக்குத் தெரியும். அந்த ஏற்பாட்டைச் செய்ததே அவன்தான்.

இவன் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து உதட்டில் வைத்தான்.

ஊதவில்லை.

விட்டுவிட்டான். நெஞ்சில் தட்டி ஆடியது.

முன்னால் குனிந்து மணல் சாக்கைப் பிடித்தான். குறைத்துத்தான் கட்டியிருந்தான். தூக்கும்போது கனத்தது.

இரண்டு கைகளாலும் இழுத்து, கடலில் தள்ளினான்.

முன் இருக்கை காலியானது. விசில் வந்த பக்கம் துடுப்பு போட்டான்.