பக்கத்து வீட்டு இரும்பு

"சுவரைத் துளைச்சு என் கூரைப் பரண் வரைக்கும் இரும்பை நீட்டியிருக்கான்! கேக்க ஆளில்லன்னு நெனச்சுட்டானா?"

மியூரியல் போட்ட சத்தத்தில் எதிர்சாரி ஜன்னல்களில் வலைத்திரைகள் விலகின. வீட்டுச் செருப்போடு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவை இடித்தாள்.

1930களில் ஜோடி ஜோடியாகக் கட்டிய லண்டன் புறநகர் வீடுகள் அவை. நடுச்சுவரும் பொது, கூரைமேல் நிற்கும் செங்கல் சிம்னியும் பொது. டெஸ்மண்ட் குடிவந்து பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்ட ஆரம்பித்ததிலிருந்து அவனைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. நேற்று ஏதோ சொல்ல வந்தவனின் முகத்திலேயே கதவை அறைந்து சாத்தியிருந்தாள்.

தலையெல்லாம் காரைத்தூளோடு டெஸ்மண்ட் கதவைத் திறந்தான்.

"மிஸஸ் பெல்லமி, உள்ள வாங்க. ஒரு டீ..."

"உன் டீயை நீயே குடி! நீ கட்டறது கீழ சமையலறை. மேல பரண்ல உனக்கென்னப்பா வேலை? என் இடத்தை வளைச்சுப் போடவா?"

"அதைச் சொல்லத்தான் நேத்து..."

"பேசாத! என் வீட்டுக்காரர் ரெஜியும்தான் வீட்டு வேலை பார்த்தார். இப்படியா ஊரைக் கூட்டினார்? கீழயும் மேலயும் கணப்படுப்பைச் செங்கல் தூணோட பேர்த்துட்டு, அந்த இடத்துல அழகா அலமாரி வெச்சார். ஒரு பயலுக்குத் தொந்தரவு உண்டா? இப்ப பாரு, என் படுக்கையறைச் சுவர் முழுக்க விரிசல்!"

டெஸ்மண்ட் தலையை உயர்த்திக் கூரைப் பக்கம் பார்த்தான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ரெஜி போனபிறகு அவளுக்கென்று மிஞ்சியது இந்த அரை வீடுதான். அதிலும் ஒருத்தன் கைவைத்தால் சும்மா விடுவாளா?

"கவுன்சிலுக்கு போன் பண்ணியாச்சு. அவங்க வர்றதுக்குள்ள அந்த இரும்பைக் கழட்டு. இப்பவே!"

மாடிப்படியில் நின்ற மேஸ்திரி பதறிப்போய், வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"பார்த்தியா, உன் ஆளுக்கே பயம் வந்துடுச்சு!" என்றாள் மியூரியல்.

டெஸ்மண்ட் குரலைத் தாழ்த்தினான்.

"அந்த இரும்பு என் வீட்டுக்கில்ல, மிஸஸ் பெல்லமி. உங்க பக்கத்துச் சிம்னியைக் கீழருந்து தாங்க வேற எதுவுமே இல்ல."