பின்பக்கச் சிவப்பு விளக்கு

லிவியோவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒந்தினாவின் மின்சாமான் கடையில் இருந்த எல்லோரும் அன்று காலை ஒருமனதாக முடிவு கட்டினார்கள்.

அவன் கேட்டது அப்படி. நெற்றியில் மாட்டும் விளக்கு வேண்டும், சார்ஜ் போடுகிற ரகம், விலை கையைக் கடிக்கக் கூடாது. அதுவரை சரி. தலைக்குப் பின்னாலும் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டுமாம்.

மோட்டோவுன் காட்டில் ட்ரஃபிள் காளான் தேடுகிறவன் எவனாவது இப்படிக் கேட்பானா? மண்ணுக்குள் கிடக்கும் அந்தக் காளானுக்குத் தங்கத்தின் மவுசு. எந்த மரத்தடியில் கிடைக்கும் என்பதைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்ல மாட்டார்கள். விடிவதற்குள், காளானை மோப்பம் பிடிக்கும் நாயோடு கிளம்பி, வண்டியை வேறெங்கோ நிறுத்திவிட்டு, விளக்கை மண்ணைப் பார்த்துக் கவிழ்த்துக்கொண்டு போவார்கள். இவன் என்னடாவென்றால் முதுகுப்பக்கம் விளக்கேற்றிக்கொண்டு ஊர்வலம் போகப் பார்க்கிறான்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் ஆர்மிதோ. அவனும் காளான் தேடுகிறவன்தான். போன வாரம் கணுக்கால் சுளுக்கி, கைத்தடி ஊன்றி வந்திருந்தான். வீட்டு மாடிப்படியில் வழுக்கியதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

"பின்னால லைட்டு எதுக்குடா? அப்படியே ஒரு ஹாரனும் வாங்கிக்கோ."

லிவியோ தன் பழைய விளக்கை எடுத்து ஒந்தினாவிடம் கொடுத்தான். உள்ளே பேட்டரி தலையணை மாதிரி உப்பி, மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

எங்கே வைத்து சார்ஜ் போட்டாய் என்று கேட்டாள். விளக்கு நனைந்திருந்ததாம். காயட்டும் என்று விறகடுப்புக்கு மேலே இருக்கும் பலகையில் வைத்து, அங்கேயே செருகிவிட்டுத் தூங்கியிருக்கிறான்.

ஒந்தினா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். ஈரத்தோடு செருகுவதே தப்பு, சூட்டில் வைப்பது அதைவிடத் தப்பு. உப்பின பேட்டரியைக் குத்தக் கூடாது, அமுக்கக் கூடாது, மறுபடி சார்ஜ் போடக் கூடாது, குப்பைத் தொட்டியில் எறியவும் கூடாது. திட்டிக்கொண்டே அதைக் கொல்லைப்பக்கத்து மணல் வாளியில் வைத்துவிட்டு வந்தாள்.

"வீடே எரிஞ்சிருக்கும் லிவியோ. உன் லோலாவும் அடுப்பு பக்கத்துலதானே படுக்கும்?"

வீடு எரியும் என்றதற்கு அசையாதவன் நாயின் பெயரைக் கேட்டதும் முகம் வெளுத்தான்.

சந்தையில் இந்த மாதிரி விளக்கைப் பாதி விலைக்கு விற்கிறார்கள், பேட்டரியின் சக்தி என்று எவ்வளவு பெரிய எண் போட்டிருக்கிறது தெரியுமா என்று ஆர்மிதோ குறுக்கே வந்தான்.

"அச்சடிக்கறதுக்கு என்ன, எதை வேணா அடிக்கலாம். விரல் தண்டி பேட்டரியில அவ்வளவு அடங்காது. பொய்யைத் தலையில கட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள போகச் சொல்றியா?" என்றாள் ஒந்தினா.

அவள் எடுத்து வைத்தது நடுத்தர விலை. தயாரித்தவன் பெயர் இருந்தது, நிறைந்ததும் சார்ஜைத் தானே நிறுத்திக்கொள்ளும், பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். ஆனாலும் விழித்திருக்கும்போதே போடு, நிறைந்ததும் பிடுங்கிவிடு என்றாள். பின்பக்க விளக்கு மட்டும் அதில் இல்லை. சாலையில் ஓடிப் பழகுகிறவர்களுக்கான இன்னொன்றில் இருந்தது, விலையும் கொஞ்சம் கூட.

காப்பிக்குச் சர்க்கரை கூடுதலாகக் கேட்டால் காசு கேட்பார்களோ என்று பயப்படுகிற லிவியோ, அதற்குப் பணத்தை எடுத்து வைத்தான்.

ஆர்மிதோ தலையில் அடித்துக்கொண்டு எழுந்தான். வாசல்வரை நொண்டிப் போனவன் திரும்பி, சும்மா கேட்கிற மாதிரி கேட்டான்.

"நாளைக்கே காட்டுக்குப் போறியா?"

"இல்ல. சனிக்கிழமைதான்."

அவன் போனதும் மற்றவர்களும் கலைந்தார்கள். இந்தச் சிவப்பு எவ்வளவு தூரம் தெரியும் என்று லிவியோ கேட்டான்.

"ஐம்பது மீட்டர் தாராளமா தெரியும். எவனாவது பின்னாலயே வந்து உன் மரத்தையெல்லாம் தெரிஞ்சுக்கப் போறான், பாரு."

"போதும். ஆர்மிதோ அதுக்கு மேல தள்ளி வரமாட்டான்."

லிவியோ தாழ்ந்த குரலில் சொன்னான். இரண்டு வருடமாகவே ஆர்மிதோ தன் விளக்கைப் போடாமல், இவன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறானாம். இவன் நகர்ந்ததும் அதே மரத்தடியைக் கிளறுவானாம். அதற்காகவே இவனும் ஒன்றிரண்டு காளானை விட்டுவிட்டு நகர்வானாம்.

போன வாரம் ஓடைக்கரையில் இவன் விளக்கு பொசுக்கென்று அணைந்தது. பின்னால் தண்ணீரில் ஆள் விழுந்த சத்தம், பல்லைக் கடித்து அடக்கிய முனகல். போய்த் தூக்கினால் அவன் வெட்கத்திலேயே செத்துப்போவான். அதனால் லிவியோ உரக்கப் பாடிக்கொண்டே, நின்று நின்று, தார்ச்சாலை வரைக்கும் நடந்திருக்கிறான். குரலைப் பிடித்துக்கொண்டு ஆர்மிதோவும் நொண்டி நொண்டி வந்து சேர்ந்திருக்கிறான்.

ஒந்தினா அவன் பக்கம் குனிந்தாள்.

"இதுக்கு அவனைக் கூப்பிட்டு நேராவே ரெண்டு காளானைக் குடுத்துடலாமே?"

"அவன் நாய்க்கு மோப்பம் போயிடுச்சு ஒந்தினா. அதை அவன் ஒத்துக்கவே மாட்டான், குடுத்தாலும் வாங்க மாட்டான்." லிவியோ சிவப்பு விளக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்து அணைத்தான். "என்னை ஏமாத்தறோம்னு நினைச்சாத்தான் அவனுக்கு ரொட்டி தொண்டையில இறங்கும்."