மேசையைத் தட்டாத நாள்

சட்டசபையில் வறுமையைப் பற்றிப் பேச்சு வந்தாலே மேசைக்கு முதுகு வலிக்கும். "ஒழித்தே தீருவோம்!" என்று ஒருவர் முழங்குவார், மற்றவர்கள் மேசையை ஓங்கித் தட்டுவார்கள்.

"நீ சத்தம் போடுற, நான் அடி வாங்குறேன்," என்று மேசை மைக்கிடம் எரிந்து விழுந்தது.

அன்று புது உறுப்பினர் வடிவாம்பாள் எழுந்தார். தன் தொகுதியில் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்தி, மழைக்காலத்தில் வேலையில்லாமல் ஒரு வேளைக் கஞ்சியோடு நாளைக் கடத்துவதைச் சொன்னார். மேசை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. யாரும் தட்டவில்லை.

"வருஷத்துல எத்தனை மாசம் அவங்களுக்கு வேலை இருக்காது?" என்று அமைச்சர் மெதுவாகக் கேட்டார். வடிவாம்பாள் சொல்லச் சொல்ல, மேசையெங்கும் பேனாக்கள் ஓடின.

"இப்பவும் வலிக்குதா?" என்றது மைக்.

"இல்லப்பா, கூசுது. எழுதட்டும், எழுதட்டும்."