இலக்கை எட்டிய கூரை

தையல்கடை அக்கா மின்சார அலுவலகத்துக்கு வருவது இது ஒன்பதாவது முறை. கூரையில் சோலார் தகடுகளைப் பொருத்திப் பதினான்கு மாதமாகிறது. இணைப்பு மட்டும் வரவில்லை. மின்கட்டணம் தாங்காமல் நான்கு தையல் மிஷின்களில் இரண்டை நிறுத்திவிட்டார்.

"ஒரு மீட்டர் மாட்ட இத்தனை நடையா சார்? செருப்பு தேய்ஞ்சதுதான் மிச்சம்."

"கோபப்படாதீங்கக்கா" என்றார் பொறியாளர்.

"முப்பது நாளுக்குள்ள இணைப்புக் கொடுக்கணும்னு சட்டமே இருக்கு. இத்தனை வீட்டுல சோலார் ஓடணும்னு உங்களுக்கு இலக்கு வேற வச்சிருக்காங்களாமே?"

"அதைப் போன வருஷமே எட்டிட்டோம்."

"என் வீட்டை விட்டுட்டா?"

"உங்க வீட்டையும் சேர்த்துத்தான்."

பொறியாளர் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். அக்காவின் முகவரிக்கு நேரே 'இணைக்கப்பட்டது' என்றிருந்தது.

"உங்க கூரையில உற்பத்தியானதா காட்டின மின்சாரத்துக்குக் கிடைச்ச பசுமைச் சான்றை, தன் புகைக்கு ஈடா ஒரு சிமென்ட் ஆலைகூட வாங்கிடுச்சு."

அக்கா பட்டியலைத் தள்ளி வைத்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இன்னிக்காவது இணைச்சு விடுங்க சார்!"

பொறியாளர் குரலைத் தாழ்த்தினார்.

"எப்படிக்கா முடியும்? இன்னிக்குத் தேதி போட்டு இணைச்சா, போன வருஷம் இணைச்சதா நாங்க எழுதிக் கொடுத்தது பொய்யாயிடுமே!"