உருளாத பட்டியல்

“இந்த மனுசனோட இனி ஏலாது!” களஞ்சிய அறைக்குள்ளிருந்து புஷ்பவதியின் குரல் வெடித்தது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், வள்ளங்களின் எஞ்சின் உதிரிப்பாகம் விற்கிற கடை அது. முன் மேசையில் அவருடைய கணவர் ஆனந்தராசா கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இருப்புப் பட்டியலை மவுஸால் உருட்டினால் அது அப்படியே உறைந்து நிற்கும். பிறகு ஒரே பாய்ச்சலில் கடைசிக்குப் போய்விடும்.

“புஷ்பம், பதினைஞ்சு குதிரைவலு எஞ்சினுக்கு வாட்டர் பம்ப் இருக்கோ?”

“நீங்கள்தானே கொண்டுவந்து அடுக்கினனீங்கள்! என்னட்டக் கேட்டா?”

“நான் எங்க அடுக்கினனான்? நீர்தான் அடுக்கினனீர்!”

கிண்ணியாவிலிருந்து வந்திருந்த மீனவர் றம்ஸான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் புஷ்பவதியே பம்பைத் தேடி எடுத்து வந்து மேசையில் ‘டொம்’மென்று வைத்துவிட்டுப் போனார்.

அந்த மென்பொருளை எழுதிய ஷிஃபானா பக்கத்துக் கதிரையில் கூனிக் குறுகி இருந்தாள். அவள் விற்ற முதல் மென்பொருள் அது. வாங்கியவர்களின் குடும்பத்தையே அது பிரித்துவிடும் போலிருந்தது. திட்டு வாங்கிய ஆனந்தராசாவோ சிரித்துக்கொண்டிருந்தார். ஆட்கள் முன்னால் மானத்தைக் காக்கிற சிரிப்பாக்கும் என்று அவள் நினைத்தாள்.

“மன்னிச்சுக்கோங்க அங்கிள். இதத் திருத்தாம நான் வீட்ட போகமாட்டன்.”

“பதறாதேங்கோ பிள்ளை. ஆறுதலாச் செய்யலாம்.”

பிழையைக் கண்டுபிடிக்கவே மத்தியானமாகிவிட்டது. ஏழாயிரம் பொருட்களையும் அவளுடைய நிரல் ஒரே மூச்சில் பட்டியலுக்குள் திணித்துக்கொண்டிருந்தது. திரையில் தெரிகிற வரிகளை மட்டும் வரையவும், உருட்ட உருட்ட அடுத்தவற்றைக் கொண்டுவரவும் அதை மாற்றி எழுதினாள்.

மவுஸை உருட்டினாள். பட்டியல் எண்ணெய் பூசினதுபோல வழுக்கி இறங்கி, விட்ட இடத்தில் நின்றது. அடுத்து வந்தவர் கேட்ட பொருளை ஆனந்தராசா திரையில் பார்த்து, தானே போய் எடுத்து வந்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய நிம்மதியோடு ஷிஃபானா வீடு போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த கிழமை புஷ்பவதி அவளுடைய வீட்டுக்கே வந்துவிட்டார்.

“திரும்பவும் இறுகுதா அன்ரி?” ஷிஃபானா கதவடியிலேயே கேட்டாள்.

“இல்லைப் பிள்ளை, நல்லா ஓடுது. அதுதான் கரைச்சல்.” புஷ்பவதி குரலைத் தாழ்த்தினார். “பிள்ளையள் எல்லாம் வெளிநாட்டில. வீட்டில அவருக்கு அவரின்ரை ஃபோன், எனக்கு என்ரை ஃபோன். கடையிலதான் மனுசன் என்னோட வாய் திறக்கிறது. இப்ப பட்டியலைப் பாக்கிறார், தானே போய் எடுக்கிறார். பின்னேரம் கடை பூட்டுமட்டும் ஒரு கதை இல்லை.”

ஷிஃபானா அவர் இருக்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

“முந்தின மாதிரியே பழுதாக்கித் தாங்கோ, பிள்ளை. அவருக்கு மட்டும் தெரியவேண்டாம்.”

ஷிஃபானாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அங்கிளும் காலையில ஃபோன் எடுத்து இதத்தான் கேட்டாரு அன்ரி. உங்களுக்குத் தெரிய வேணாமாம்.”