நான்காவது தையல்

அந்த அம்மாவின் சிறுகுடல் கட்டியை மூன்று சிறு துளைகள் வழியாகவே எடுத்துவிட்டேன். மூன்றுக்கும் நானே ஒவ்வொரு தையல் போட்டேன். என் தையலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மூன்றாம் நாள் கட்டுப் பிரித்தபோது நான்கு தையல்கள் இருந்தன. நர்ஸ் இரண்டு முறை எண்ணினார். நான்காவது, சட்டைக்குப் போடும் நீல நூல். என்னுடையதைவிட நேர்த்தி.

"கட்டி முழுசா வந்துடுச்சும்மா. இனி பயமில்ல," என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் குனிந்து பார்த்தார். வலிக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க வீட்டுக்காரரு வேலைதான் டாக்டர். டெய்லரு. போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. நூலைப் பல்லால கடிக்காதீங்கன்னா கேட்டாத்தானே."

நூலின் நுனியைத் தொட்டேன். ஈரமாக இருந்தது.