பக்கத்து வீட்டுப் புகார்

"போலீசைக் கூப்பிட்ட பொம்பளைக்குப் பொன்னாடையா? விளையாடுறீங்களா, மேரி?"

மனநலப் பராமரிப்பாளர் மன்றத்தின் தலைவர் சுப்பிரமணியத்துக்குக் கோபத்தில் டை கோணிக்கொண்டது. தேக்கா மண்டபத்தில் ஆண்டு விழா தொடங்கவிருந்தது. அவர் கையில் ‘ஒதுக்காதீர், அணைப்பீர்’ என்ற தலைப்பில் நீண்டதோர் உரை. மேசையில் மூன்று பொன்னாடைகள். ஒன்று சிறப்பு விருந்தினருக்கு. ஒன்று நன்கொடையாளருக்கு. மூன்றாவது, உறுப்பினர்கள் திடீரென்று அன்பு பொங்கித் தலைவருக்கே போர்த்தவிருப்பது. அந்தத் திடீர் அன்புக்கு அவரே போன வாரம் கடையேறி நிறம் பார்த்து வாங்கியிருந்தார்.

"அந்த மூணாவதைக் கொடுங்க சார்," என்றார் மன்ற உறுப்பினர் அற்புதமேரி.

"அது வந்து... அது வேற ஏற்பாடு லா."

"முனீரா அன்னைக்குக் கூப்பிடலைன்னா என் மகன் இன்னைக்கு இல்ல சார்."

சில ஆண்டுகளுக்கு முன், மார்சிலிங் அடுக்குமாடி வீட்டில் மகன் கிளாரன்சுக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கியபோது, மேரி அவனை அறையில் வைத்துப் பூட்டினார். கேட்டவர்களிடம், "ஆஸ்திரேலியாவுல படிக்கிறான்" என்றார். ஆஸ்திரேலியா ராத்திரியெல்லாம் சுவரில் முட்டிக்கொண்டு அழுவது பக்கத்து வீட்டு முனீராவுக்குக் கேட்காமலா இருக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேரி தேவாலயத்திலிருந்து திரும்பியபோது கட்டடத்தின் கீழே ஆம்புலன்ஸ் நின்றது; வீட்டு வாசலில் போலீஸ். நடைபாதையை ஒட்டிய கிளாரன்சின் ஜன்னலோரம் கையில் போனோடு முனீரா. மேரிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பொது நடைபாதையில் நின்று, மாடி முழுக்கக் கேட்கும்படி அவரை ஏசித் தீர்த்தார். முனீரா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் சுவா சூ காங் வட்டாரத்துக்குக் குடிபோய்விட்டார்.

மருத்துவமனையில் கிளாரன்ஸ் மெல்ல மெல்லத் தெளிந்தான். இப்போது நூலகத்தில் வேலை பார்க்கிறான். மேரியோ கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று எந்த வாசலையும் விடுவதில்லை. "பூட்டி வைக்காதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று போகுமிடமெல்லாம் பேசுகிறார். ஒவ்வொரு பேச்சிலும் முனீராவுக்கு நன்றி சொல்வார். ஆனால் நேரில் போய் நிற்கத்தான் முகமில்லை. இன்றைக்குத்தான் துணிந்து விழாவுக்கு அழைத்திருந்தார்.

"சரி, எடுத்துக்குங்க," என்றார் தலைவர், மகளைக் கட்டிக்கொடுப்பவர் குரலில். "ஆனா ஒண்ணு. முன்வரிசையில இருக்கிற உங்க பையனைக் கொஞ்சம் பின்னால உட்கார வைக்கலாமா? பெரிய ஆளுங்க வர்றாங்க. அந்த மாதிரி ஆளுங்க கண்ணுக்கு நேரா இருந்தா..."

"உங்க உரைக்கு என்ன தலைப்பு சார்?"

தலைவர் தாளைப் பார்த்தார். பொன்னாடையை நீட்டிவிட்டு நகர்ந்தார்.

விழாவில் முனீரா தயங்கித் தயங்கி மேடையேறினார். பொன்னாடையைப் போர்த்திய கையோடு மேரி அவரைக் கட்டிக்கொண்டார்.

"வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன், முனீரா. என்னை மன்னிச்சிடு. நீ பண்ணின அந்த ஒரு போன்தான் என் புள்ளைய எனக்குத் திருப்பிக் கொடுத்துச்சு."

அரங்கம் கைதட்டியது. ஒளிப்படக்காரர் இருந்த பக்கமாகத் திரும்பி, தலைவர் சற்றுப் பலமாகவே தட்டினார்.

முனீரா பொன்னாடையை மெதுவாகக் கழற்றினார்.

"இதை நான் வாங்கிக்க முடியாது, மேரிக்கா."

மேரியின் முகம் வாடியது. "இன்னும் என் மேல கோவமா?"

"ஐயோ, அதில்லக்கா. ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், அதான் இத்தனை நாளா வாயைத் திறக்கல." முனீரா முன்வரிசையைப் பார்த்தார். "சொல்லிடட்டுமா, தம்பி?"

கிளாரன்ஸ் எழுந்து நின்றான். தலையசைத்தான்.

"நீங்க சர்ச்சுக்குப் போயிருந்தப்ப, ஜன்னல் கம்பி வழியா கையை நீட்டி என் ஹேண்ட்போனைக் கேட்டாரு. ‘என்னால முடியல, வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க’ன்னு போலீஸ்கிட்ட பேசினது உங்க மகன்தான்க்கா. பேசி முடிச்சிட்டு என்கிட்ட சொன்னாரு: ‘அம்மாவுக்கு யார் மேலயாவது கோவம் வரும் ஆன்ட்டி. என் மேல வந்தா, நான் குணமாகி எந்த வீட்டுக்குத் திரும்பி வருவேன்? உங்க மேலயே இருக்கட்டுமா?’"